எலும்பு வியர்க்காது

டெஹ்ரான்
ஷஹ்ரிவர் 28, ஈரானிய ஆண்டு 1373

அத்தானுக்கு,

யாஸ்குலி எழுதுவது. வசந்தகாலப் பந்தயத் திடலில் வைத்து நீங்கள் சொன்னது இதுதான்: "இனிமே குதிரையப் பத்தி ஏதாவது சொல்லணும்னா எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. நீ வாயத் தொறந்தா சண்டைதான் வருது." சரி, எழுதுகிறேன். பத்துப் பேர் முன்னால் உங்களைப் பார்த்து, "குதிரையப் பழக்கல நீங்க, வேகவைக்கிறீங்க" என்று நான் சொன்னது தப்பு. சொன்ன இடம்தான் தப்பு, சொன்ன விஷயம் தப்பில்லை.

அக்கா பஸ்ஸில் கொடுத்தனுப்பிய எக்ஸ்ரே படம் வந்தது. உங்கள் பெண்குதிரை மரால் நொண்டியதற்குக் காரணம் குளம்பு இல்லை. இடது முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே இருக்கும் நீள எலும்பின் முன்பக்கம் தடித்திருக்கிறது. விரிசல் இல்லை. மூன்று வயதுக் குதிரையின் எலும்பு காய்ந்த கட்டை கிடையாது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் அது கொஞ்சம் வளைகிறது. வளைந்து வலித்த இடத்தில் உடம்பு புது எலும்பை வைத்துப் பூசுகிறது. நீங்கள் கோடை முழுக்க விட்ட ஓட்டத்துக்குப் பூச்சுவேலை ஈடுகொடுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

நாற்பது நாள் முழு ஓய்வு. பாய்ச்சல் கூடாது, துள்ளோட்டம் கூடாது, யாரும் ஏறக் கூடாது. தண்ணீர்த் தொட்டி வரை கையில் பிடித்து நடத்தலாம். நாற்பது நாள் கழித்துச் சரியாகிவிடும்.

நேரில் வந்து பார்க்க முடியாது. கட்டாய ராணுவச் சேவை முகாமில் விடுப்பு கேட்டால் சிரிக்கிறார்கள். இரண்டு வருடம் முன்னால் உங்கள் சிவப்புக் குதிரை கால் ஒடிந்து விழுந்தபோது நானும் திடலில் இருந்தேன். உங்கள் தம்பி சாபரின் இடுப்பில் இன்னும் கம்பி இருக்கிறது. மராலின் மேல் ஏறப்போவதும் அவன்தான். அதனால் எழுதினேன்.

கால்நடை மருத்துவர் யாஸ்குலி
(கையெழுத்து)


கொன்பத் அருகே
மெஹர் 7

மச்சானுக்கு,

அன்னாதுர்தி எழுதுவது. உன் அக்கா ஸோனா நலம். பிள்ளைகள் நலம். மரால் உன் சிறையில் இருக்கிறாள். நேற்று முன்தினம், ஐந்தாம் தேதி, உன் தாள் கைக்கு வந்தது. அன்றைக்கே சேணத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன். எண்ணிக்கொள், அடுத்த மாதம் ஆபான் பதினைந்தில் நாற்பது முடியும்.

இங்கே உனக்கு நல்ல பெயர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாபர் லாயத்துக்குள் வந்து சேணம் தொங்குவதைப் பார்த்தான்.

"அண்ணே, நாப்பது நாள் படுத்துக் கெடந்தா நானே ஓட மாட்டேன். அது எப்படி ஓடும்?"

"நீ எப்பவும் ஓட மாட்டடா. ஓடுறது குதிரை. நீ மேல உக்காந்திருக்கிறவன்."

"உக்காந்து பாத்தாத் தெரியும்."

"உக்காந்து பாத்துதானே இடுப்புல கம்பி வச்சிருக்க?"

அவன் அவசரம் எனக்குப் புரிகிறது. பருவத்தின் கடைசிப் பந்தயம் ஆபானுக்கு அடுத்த மாதம், ஆசர் நாலாம் தேதி. பந்தயத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவனுக்குக் கல்யாணம். பெண்ணின் அண்ணன்மார் ஆக்கலா ஊர்க்காரர்கள், மூன்று பேரும் குதிரை வைத்திருப்பவர்கள். மாப்பிள்ளை எப்படி ஓட்டுகிறான் என்று பார்க்கத் திடலுக்கு வருகிறார்கள். தங்கைக்குப் பார்த்திருப்பது குதிரை ஓட்டுகிறவனையா, ஆடு மேய்க்கிறவனையா என்று அவர்கள் ஏற்கெனவே ஒரு முறை கேட்டாயிற்று.

கவலைப்படாதே. நீ எழுதியதை அப்படியே செய்வேன். எழுதாததை என் புத்திப்படி செய்வேன்.

அன்னாதுர்தி


டெஹ்ரான்
மெஹர் 24

அத்தான்,

நேரம் இல்லை, சுருக்கமாக எழுதுகிறேன். கால் எலும்பின் முன்பக்கம் கையை வைத்தால் சூடு இருக்கிறதா? கட்டைவிரலால் அழுத்தினால் காலை இழுக்கிறாளா? ஆம், இல்லை என்று எழுதுங்கள். கவிதை வேண்டாம்.

யாஸ்குலி


கொன்பத் அருகே
ஆபான் 22

மச்சான்,

சூடு இல்லை. இழுக்கவில்லை. இனி கவிதை.

நாற்பது நாளும் மராலை ஓட விடவில்லை. வயிறு தொங்கவும் விடவில்லை. கம்பளிப் போர்வையைப் பற்றி உன் தாளில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். காலையில் பனி விலகியதும் கழுத்திலிருந்து வால் வரை ஏழு கம்பளி. உச்சிப் பொழுது வரை வெயிலில் கட்டி வைப்போம். பார்லியை அளந்து போட்டேன், குதிரைமசால் தீவனத்தைக் குறைத்தேன். ஏழில் ஒன்று உன் அக்கா செய்து கொடுத்தது, உனக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லி. இப்போது தெரிந்துவிட்டது.

முதல் வாரம் வியர்வை நுரையாக, பசை போல வந்தது. வழித்தெடுக்கிற கட்டையில் வெண்ணெய் மாதிரி ஒட்டியது. முப்பதாம் நாள் அது நீர்த்துப்போனது. முப்பத்தெட்டாம் நாள் நாக்கில் வைத்துப் பார்த்தேன், கிணற்றுத் தண்ணீர். கரிப்பே இல்லை. கொழுப்பெல்லாம் வெளியே போய் உடம்பு சுத்தமாகிவிட்டால் வியர்வை அப்படித்தான் வரும். அது வந்துவிட்டால் குதிரை தயார். இதில் நான் ஒரு தடவையும் ஏமாந்தது கிடையாது.

பதினைந்தாம் தேதி சேணம் போட்டோம். நாலைந்து நாள் மெதுவாக விட்டு, நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை ஆயிரம் மீட்டர் முழு வேகம். சாபர் இறங்கி வந்து சொன்னான்: "அண்ணே, எனக்கு மூச்சு வாங்குது, அதுக்கு வாங்கல." விலா எலும்புகள் மூன்று தெரிகின்றன, நான்காவது ஒளிந்திருக்கிறது. அதுதான் அளவு.

ஆசர் நாலுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். அதற்கு முன் இன்னும் இரண்டு முழு ஓட்டம் விடலாம் என்றிருக்கிறேன். ஓய்வு கொடுக்கச் சொன்னது நல்லதாகப் போயிற்று. இதை ஒரு தடவைதான் சொல்வேன்.

அன்னாதுர்தி


டெஹ்ரான்
ஆசர் 1, செவ்வாய்

அத்தான்,

உங்கள் கடிதம் நேற்று மாலைதான் முகாமுக்கு வந்தது. இதை ராத்திரி பஸ் ஓட்டுநர் ஹாஜிமுராதிடம் சேர்க்கச் சொல்லி முகாமிலிருந்து ஒருவனிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் ஊருக்குத் தொலைபேசிக் கம்பி இழுத்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. விடுப்பு கேட்டேன், கேட்டதற்கே மூன்று நாள் வெளியே போகத் தடை.

மராலை ஓட விடாதீர்கள். ஆசர் நாலு வேண்டாம். அதற்கு முன் முழு ஓட்டமும் வேண்டாம்.

நான் தப்பு செய்துவிட்டேன். இதை முதலில் படியுங்கள், காரணத்தை அப்புறம் படிக்கலாம்.

காரணம் இது. என்னோடு படித்த நாஹித் பல்கலைக்கழக லாயத்தில் எக்ஸ்ரே எடுக்கிறாள். நேற்று உங்கள் கடிதத்தை அவளிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன், சிரிக்கத்தான். அவள் சிரிக்கவில்லை.

"நாப்பது நாள் ஓய்வுன்னு எழுதின. அதுக்கப்புறம் என்ன எழுதின?"

"சரியாயிடும்னு எழுதினேன்."

"அவ்வளவுதானா? பாதி மருந்துச் சீட்டு குடுத்திருக்க, யாஸ்குலி. மிச்சப் பாதிய உங்க அத்தான் எழுதிட்டாரு."

குதிரை ஓடி ஓடிக் களைத்த எலும்பை உடம்பு அப்படியே வைத்துக்கொள்வதில்லை. பழையதைக் கரைத்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதிதை நிரப்புகிறது. ஓடும் காலத்தில் இந்த வேலை மந்தமாக நடக்கும். நிறுத்தினதும் மும்முரமாகத் தொடங்கும். ஆனால் கரைப்பது சீக்கிரம், இரண்டு மூன்று வாரம். நிரப்புவதற்கு மூன்று மாதம். இடையில் எலும்புக்குள்ளே கறையான் அரித்த மரம் போலப் பொந்துகள். வெளியே சூடு இருக்காது, வீக்கம் இருக்காது, அழுத்தினால் வலிக்காது. ஓய்வுக்குப் பின் திரும்பி வரும் முதல் சில வாரங்களில்தான் குதிரைகள் அதிகம் கால் ஒடிக்கின்றன. இது புத்தகத்தில் இருக்கிறது. நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். உங்களுக்கு எழுதவில்லை, ஏனென்றால் உங்களோடு நீளமாகப் பேச எனக்குப் பிடிக்கவில்லை.

சாதாரணமாக ஓய்வில் இருந்த குதிரை தொந்தி போட்டுவிடும். மூச்சு வாங்கும், வேகம் வராது. அந்த மந்தம்தான் எலும்பைக் காப்பாற்றும். அது மெதுவாகத் தேறுவதற்குள் எலும்பும் நிரம்பிவிடும். நீங்கள் ஏழு கம்பளி போட்டு அந்த மந்தத்தை எடுத்துவிட்டீர்கள். வியர்வை கொழுப்பைப் பற்றிச் சொல்லும். நெஞ்சும் தசையும் இரண்டு மூன்று ஓட்டத்தில் பழையபடி எழுந்துகொள்ளும். எலும்பு வியர்க்காது அத்தான். அதைப் பற்றி நாக்குக்கு ஒன்றும் தெரியாது. இப்போது மராலிடம் முழு வேகம் இருக்கிறது, அந்த வேகத்தைத் தாங்குகிற கால் இல்லை. நானும் நீங்களும் ஆளுக்குப் பாதி செய்து வைத்திருக்கிறோம்.

சாபரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும். தயவுசெய்து ஓட விடாதீர்கள்.

யாஸ்குலி


கொன்பத் அருகே
ஆசர் 6, ஞாயிறு

மச்சான்,

உன் கடிதத்தை ஹாஜிமுராத் புதன்கிழமை காலையிலேயே கொன்பதுக்குக் கொண்டு வந்துவிட்டான். எனக்குக் கொடுத்தது வெள்ளிக்கிழமை மத்தியானம், திடலில். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே வந்து சட்டைப் பையிலிருந்து எடுத்தான்.

"எப்படியும் பந்தயத்துக்கு வருவே. வீடு வரைக்கும் எதுக்கு நடக்கணும்னு வச்சிருந்தேன். அவசரம் ஒண்ணும் இல்லையே?"

அதற்குள் செவ்வாய்க்கிழமை ஒரு முழு ஓட்டம் முடிந்திருந்தது. சாபர் சேணத்தில் இருந்தான். ஆறு குதிரைகள் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தன. மராலின் கழுத்து வெயிலில் மினுங்கியது. பெண்ணின் அண்ணன்மார் மூன்று பேரும் கம்பித் தடுப்பில் சாய்ந்து நின்றார்கள்.

நின்றபடியே படித்தேன். பொந்து, கறையான் எல்லாம் எனக்கு அப்போது தலையில் ஏறவில்லை. "நான் தப்பு செய்துவிட்டேன்" என்ற வரியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பதினொரு வருடமாக உன்னைத் தெரியும். ஸோனாவின் கல்யாணத்தில் தட்டைப் போட்டு உடைத்துவிட்டு, தட்டு சரியில்லை என்று சொன்னவன் நீ. அப்போது பையன், இப்போது டாக்டர், மாறவில்லை. நீ தப்பு என்று எழுதினால் ஏதோ பெரிதாக இருக்கிறது.

தடுப்பைத் தாண்டிப் போய்க் கடிவாளத்தைப் பிடித்தேன்.

"எறங்கு."

"என்னண்ணே?"

"எறங்குடா."

"எல்லாரும் பாக்குறாங்க. கால் நல்லா இருக்கு, இப்பதான் தடவிப் பாத்தேன்."

"எனக்கும் தெரியும். எறங்கு."

அவன் இறங்கவில்லை. அவன் காலைச் சேண வளையத்திலிருந்து எடுத்து நானே கீழே இழுத்தேன். கூட்டத்தில் எவனோ கத்தினான்: "அன்னாதுர்தி, கல்யாணத்துக்கு முன்னாடியே மாப்பிள்ளைய எறக்கிட்டியா?" திடலே சிரித்தது. பெண்ணின் மூத்த அண்ணன் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டான், "பயந்தது குதிரையா, ஆளா?" என்ன சொல்வது? என் மச்சினன் கடிதம் போட்டிருக்கிறான் என்றா?

பந்தயத்தை எடுத்தது யாருடைய குதிரை தெரியுமா? வசந்தத்தில் மரால் ஆறு குதிரை நீளம் பின்னால் விட்டாளே, அந்தக் கறுப்பு. நொண்டாத, சூடில்லாத, மூச்சு வாங்காத என் குதிரையோ வண்டியில் நின்று பார்லி தின்றது.

சாபர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். "அந்த டாக்டர் ஒரு தடவையாவது குதிரை மேல உக்காந்திருக்கானா?" என்று உன் அக்காவைக் கேட்டான். அவள் என் தட்டில் சோற்றைப் போட்டாளே தவிர என்னைப் பார்க்கவில்லை.

நேற்று மராலை இங்கே குர்கான் நகரக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் புதுப் படம் எடுத்தேன். இதோடு வைத்திருக்கிறேன். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். படத்தில் விரிசல் இருந்தால் பெரிய எழுத்தில் எழுது. ஆக்கலாக்காரர்களுக்குக் காட்ட வேண்டும், சாபருக்குக் காட்ட வேண்டும். ஓடியிருந்தால் ஒடிந்திருக்குமா? அதை எழுது. இல்லையென்றால் நான் ஊருக்கு முன்னால் என் தம்பியைச் சும்மாவே இறக்கியவன்.

அன்னாதுர்தி


டெஹ்ரான்
ஆசர் 14

அத்தான்,

படத்தை நாஹித்தும் நானும் விளக்கில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தோம். விரிசல் இல்லை. எதுவுமே இல்லை. சுத்தமான படம்.

இதனால் எலும்பு நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. மூன்றில் ஒரு பங்கு கரைந்த பிறகுதான் பொந்து எக்ஸ்ரேயில் தெரியவே தொடங்கும். அதற்குக் குறைவாக இருந்தால் படத்துக்குக் கண் கிடையாது. ஆனால் நீங்கள் கேட்டது யாருக்காவது காட்டுவதற்கு. காட்ட ஒன்றுமில்லை.

நாஹித் சொன்னாள்: "ஒரு பென்சில் கோடு போட்டு அனுப்பு. அந்த ஊர்ல யாருக்குத் தெரியப்போகுது? எல்லாருக்கும் நிம்மதி." விளையாட்டாகத்தான் சொன்னாள். அவள் போன பிறகு நான் பென்சிலை எடுத்தேன். எங்கே போட்டால் நம்பும்படி இருக்கும் என்றும் எனக்குத் தெரியும். உங்கள் தட்டில் சோறு போட்டுவிட்டு அக்கா வேறு பக்கம் பார்த்தாள் என்று எழுதியிருந்தீர்களே, அதை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். போடவில்லை. போட்டிருந்தால் அடுத்த தடவை நான் விரிசல் என்று எழுதும்போது நீங்கள் நம்பக் கூடாது.

ஓடியிருந்தால் ஒடிந்திருக்குமா? தெரியாது. இப்படிப்பட்ட நூறு குதிரைகளை ஓட விட்டால் பெரும்பாலானவை ஓடி முடித்துவிடும். சில முடிக்காது. மரால் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது, நாஹித்துக்குத் தெரியாது, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஜெயித்திருக்கவும் கூடும். அதைத்தான் உங்களிடமிருந்து வாங்கிவிட்டேன்.

மிச்சப் பாதியை இப்போது எழுதுகிறேன். திரும்ப நிறுத்தி வைக்காதீர்கள். கம்பளி வேண்டாம், கொஞ்சம் கொழுக்கட்டும். தினமும் கெட்டித் தரையில் ஒரு மணி நேரம் நடை. மூன்று நாளுக்கு ஒரு முறை நூறு தப்படி மட்டும் வேகமாக விட்டு நிறுத்துங்கள். எலும்புக்கு நெடுந்தூரம் வேண்டாம், சில அடிகள் பலமாக விழுந்தால் போதும், எங்கே கெட்டிப்பட வேண்டும் என்று அது தெரிந்துகொள்ளும். நெடுந்தூரம் களைப்பைத்தான் சேர்க்கும். ஒவ்வொரு வாரமும் பத்துத் தப்படி கூட்டலாம். மூன்று மாதத்துக்குக் குறையக் கூடாது. சூடு வந்தால் நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

சாபருக்குக் கல்யாண வாழ்த்து சொல்லுங்கள். அவன் கேட்டதற்குப் பதில்: உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு தடவை. இரண்டு தடவையும் விழுந்தேன்.

யாஸ்குலி


கொன்பத் அருகே
ஆசர் 29

மச்சான்,

கல்யாணம் நடந்தது. பெண்ணின் அண்ணன்மார் வந்தார்கள், தின்றார்கள், குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன் கடிதத்தை லாயத்தில் வைத்துச் சாபருக்கு வாசித்தேன். விரிசல் இல்லை என்ற இடத்தில் அவன் எழுந்துவிட்டான். உட்காரச் சொல்லி மீதியை வாசித்தேன்.

"தெரியாதுன்னா எழுதியிருக்கான்?"

"ஆமா."

"யாஸ்குலியா?"

"நீயே பாரு."

வாங்கிப் பார்த்தான். அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தான். அப்புறம், "எனக்கு இடுப்புல கம்பி வச்ச டாக்டர், ஆறு வாரத்துல ஓடலாம்னு சொன்னாருண்ணே. எட்டு மாசம் ஆச்சு," என்றான். சேணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான். என்னை மன்னித்துவிட்டான் என்று சொல்ல மாட்டேன். கேட்கவும் இல்லை. ஆனால் இப்போது என்னோடு சாப்பிடுகிறான்.

இது வரை நூறு தப்படி மூன்று தடவை விட்டாயிற்று. நான் எண்ணுகிறேன், அவன் ஓட்டுகிறான். நூறில் நிறுத்த இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருக்கிறது. மரால் தலையை உதறி என்னைத்தான் திட்டுகிறாள். அவளுக்கு எலும்பைப் பற்றி யார் சொல்வது? சூடு இல்லை. அழுத்தினால் இழுக்கவில்லை. நாளைக்கு நூற்றுப் பத்து.

ஒன்று கேட்க வேண்டும், இதற்கு உன் புத்தகத்தில் ஏதாவது இருக்கிறதா பார். முப்பது வருடமாகக் குதிரை ஓடும்போது நான் கழுத்தைத்தான் பார்ப்பேன். அது நீளும் அழகைப் பார்த்தே ஜெயிக்குமா இல்லையா என்று சொல்லிவிடுவேன். இப்போது என் கண் இறங்கி அந்த இடது காலிலேயே நிற்கிறது. நூறு எண்ணி முடிக்கும் வரை காது எலும்பு ஒடியும் சத்தத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறது. கழுத்து எப்படி நீண்டது என்று சாபர் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்னாதுர்தி